மோசல் ரீஸ்லிங் ஆறு பாட்டில் வாங்கிவிட்டேன், இனிக்கிறது. இதோடு என்ன சமைப்பது?

கோப்லென்ஸ்காரன்
திங்கள், இரவு 9.12

வணக்கம். கோப்லென்ஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒயினில் எனக்குத் தெரிந்தது சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அதோடு சரி. வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு ஐந்து பேர் சாப்பிட வருகிறார்கள். மூன்று பேர் ஆபீஸில் கூட வேலை செய்பவர்கள், அதில் ஒருத்தி சைவம், ஒருவர் குடிக்கவே மாட்டார். இன்னொருவர் கீழ் வீட்டு அம்மா, வயது எண்பதை நெருங்குகிறது. பார்சல் வாங்கி வைப்பதிலிருந்து குப்பையை எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது வரை எங்களுக்கு எல்லாம் அவர்தான். அவருடைய தங்கையும் வருகிறார்.

போன ஞாயிறு மோசல் ஆற்றோரமாக வண்டியில் போனபோது, வீட்டு வாசலிலேயே விற்கிற ஒரு தோட்டக்காரரிடம் ஆறு பாட்டில் வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "புதுசாக, லேசாக, மீனுக்கு ஏற்ற மாதிரி" என்று கேட்டேன். சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார். உயரமான பச்சைப் பாட்டில், லேபிளில் ரீஸ்லிங், அதன் கீழே கபினெட், மூலையில் 8 சதவீதம். வீட்டில் ஒன்றைத் திறந்து பார்த்தால் முதலில் இனிப்பு, அப்புறம் பல் கூசுகிற அளவுக்குப் புளிப்பு. "நன்னாரி போடாத சர்பத் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. ஏமாந்துவிட்டேனா? மீதி ஐந்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை என்ன சமைத்தால் மானம் தப்பும்?

பழைய போத்தல்
திங்கள், இரவு 10.05

தம்பி, ஒரு ஏமாற்றும் இல்லை. நீங்கள் கேட்டதைத்தான் அந்த மனிசன் தந்திருக்கிறார். நான் ட்ரியரில் ஒரு உணவகச் சமையலறையில் 19 வருடம் நின்றவன். அங்கே இந்தக் கபினெட் போத்தல்தான் தண்ணீருக்கு அடுத்தபடியாக மேசைக்குப் போனது.

ரீஸ்லிங் என்பது வெள்ளைத் திராட்சை வகையின் பெயர். இனி லேபிளைப் படிக்கும்போது முதலில் அந்த 8 என்ற எண்ணைப் பாருங்கள். திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் ஆக்குகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை தின்றால் ஒரு சதவீத ஆல்கஹால். முழுக்கத் தின்ன விட்டிருந்தால் உங்கள் போத்தல் பத்தரை, பதினொன்றுக்குப் போயிருக்கும். எட்டிலேயே குளிரவைத்து, வடிகட்டி நிறுத்திவிட்டார்கள். தின்னாமல் விட்டது லிட்டருக்கு 40, 50 கிராம் அப்படியே உள்ளே கிடக்கிறது. அதுதான் நீங்கள் கண்ட இனிப்பு. 7, 8, 9 என்று இருந்தால் இனிக்கும், 12 பக்கம் போனால் அனேகமாக இனிப்பு இல்லை. கடையில் நின்று யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம்.

இனிப்பு வேண்டாம் என்றால் லேபிளில் ட்ரோக்கன் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சட்டம் உண்டு, லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. அந்த 9 கூட, அதற்கு ஈடான புளிப்பு இருந்தால்தான். ஃபைன்ஹெர்ப் என்று ஒன்று பார்ப்பீர்கள். அது நடுவில், கொஞ்சம் இனிக்கும், ஆனால் எவ்வளவு என்று சட்டத்தில் கணக்கு இல்லை, செய்பவர் மனசுதான்.

சமையலுக்கு நாளைக்கு வருகிறேன். இப்போது நித்திரை.

உப்புக்கல்
திங்கள், இரவு 11.31

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இந்த இனிப்பு ரீஸ்லிங் எல்லாம் படகில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களுக்கும் ஏற்றுமதிக்கும். லீப்ஃபிரௌமில்ச் என்று சர்க்கரைத் தண்ணீரை உலகம் முழுக்க விற்று ஜெர்மன் ஒயின் பெயரையே கெடுத்தார்கள். இத்தனைக்கும் அந்தப் பெயர் வோர்ம்ஸில் ஒரு மாதா கோயிலைச் சுற்றியிருந்த அருமையான தோட்டத்துடையது. இங்கே வூர்ட்ஸ்பூர்க்கில் என் ஜெர்மன் நண்பர்கள் ஒருவர்கூட இனிப்பு ஒயினைச் சாப்பாட்டு மேசையில் வைப்பதில்லை. ஐந்து பாட்டிலையும் கேக்கோடு தள்ளிவிடுங்கள். சாப்பாட்டுக்கு எங்கள் பக்கத்து வெள்ளை ஒயின் சில்வானர், ட்ரோக்கனாக இரண்டு வாங்குங்கள், வேலை முடிந்தது.

பழைய போத்தல்
செவ்வாய், காலை 6.48

உப்புக்கல், லீப்ஃபிரௌமில்ச்சையும் கபினெட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதேங்கோ. ஜெர்மன் ஆட்கள் இன்றைக்கு ட்ரோக்கன் பக்கம்தான் அதிகம் என்பது சரி. ஆனால் கபினெட் என்பது இனிப்பின் பெயரே இல்லை. 1971 ஒயின் சட்டப்படி அது பறிக்கும் நேரத்தில் பழச்சாறு எவ்வளவு கனம் என்பதன் பெயர். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூட நிற்கிறதோ அது ஊக்ஸ்லே. ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த ஒரு பொற்கொல்லரின் பெயர் அது, நகைக்கடைத் தராசுப் புத்தி! மோசல் ரீஸ்லிங்குக்குக் குறைந்தது 70 இருந்தால் கபினெட். கபினெட் ட்ரோக்கன் என்றும் போத்தல் இருக்கிறது, சொட்டு இனிப்பு இருக்காது. இன்னொன்று, கபினெட் என்று போட்டுவிட்டால் சாற்றில் வெளிச்சர்க்கரை சேர்க்கக்கூடாது. தம்பி வாங்கியதில் இருப்பது கொடியிலேயே விளைந்த சர்க்கரை, யாரும் மூட்டையைப் பிரித்துக் கொட்டியது இல்லை.

கேக்கோடு மட்டும் தயவுசெய்து வைக்காதேங்கோ.

சிலேட்டுக்கால்
செவ்வாய், மதியம் 1.20

இந்த இழையைப் பார்த்ததும் முழங்கால் வலிக்கிறது. ட்ரியரில் படித்தபோது இரண்டு இலையுதிர்காலம் மோசல் அறுவடைக்குப் போனேன், அதனால்தான் இந்தப் பெயர். அங்கே தோட்டம் என்றால் நம் மனதில் வருகிற சமதரை கிடையாது, சுவர். பிரெம் ஊருக்கு மேலே கால்மொன்ட் என்று ஒன்று இருக்கிறது, சில இடங்களில் சாய்வு 60 டிகிரிக்கு மேல், ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்கிறார்கள். நான் வேலை செய்தது அவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கினால் சிலேட்டுச் சில்லுகள் கலகலவென்று சரிந்து கீழ் வரிசையில் நிற்பவர் தலைக்குப் போகும். ட்ராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறுகிற குட்டி வண்டி ஒன்று உண்டு, அதில் உட்கார்ந்து முதல் தடவை இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மற்றதெல்லாம் கையும் முதுகும்தான்.

அந்தக் கருஞ்சாம்பல் சிலேட்டுதான் விஷயமே. பகலில் வெயிலைக் குடித்து வைத்து இரவில் விடுகிறது, கீழே ஆறும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. இந்த இரண்டு துணையும் இல்லாவிட்டால் இவ்வளவு வடக்கில் ரீஸ்லிங் பழுப்பது கஷ்டம். ஆனால் ராத்திரி குளிர்ந்துவிடும், பழம் அக்டோபர் வரை மெல்ல மெல்லப் பழுக்கும், புளிப்பு கரைந்து போகாமல் நிற்கும். கோப்லென்ஸ்காரன், உங்கள் பல் கூசியதே, அந்தக் கூச்சத்துக்காகத்தான் இத்தனை பாடும். அந்தப் புளிப்பு இல்லாமல் 45 கிராம் சர்க்கரை இருந்தால் அது பாகு. அது இருப்பதால்தான் வாயைக் கழுவிவிட்ட மாதிரி அடுத்த வாய் சாப்பாட்டுக்கு இடம் விடுகிறது.

மதியம் தோட்டத்திலேயே சாப்பாடு. முதல் வருஷம் ஒரு பெரிய பானையில் க்ரேவெஸ் வந்தது, மசித்த உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோஸும் ஒன்றாகக் கிளறி மேலே புகைபோட்ட பன்றி இறைச்சி. பார்க்க ஒன்றும் இல்லை. உப்பு, புகை, கொழுப்பு, புளிப்பு நாலும் இருக்கும், கூட ஒரு டம்ளர் இதே கபினெட். எந்த உணவகத்திலும் அப்படி ஒரு பொருத்தத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை, ஆறு மணி நேரம் மலை ஏறிய பசியும் காரணமாக இருக்கலாம்.

கோப்லென்ஸ்காரன்
செவ்வாய், இரவு 8.44

அடேயப்பா. படித்துவிட்டு இன்னொரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன், இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, கூட கொஞ்சம் உப்புக்கடலை. வேறு ஒயின் மாதிரி இருக்கிறது!

சரி, இப்போது நேரடியாகக் கேட்கிறேன். என் கையில் இருக்கும் யோசனைகள்: சந்தையில் ஷ்பார்கெல், அதாவது வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு, குவிந்து கிடக்கிறது, ஹொலண்டேஸ் சாஸோடு அதைச் செய்தால் சைவத் தோழிக்கும் ஆச்சு. ஐஃபல் பக்கத்துப் புகைபோட்ட ட்ரௌட் மீன் நல்லதாகக் கிடைக்கிறது. ஃப்ளாம்குகன் செய்யலாம், பீட்சா மாதிரி மெல்லிய ரொட்டி, மாவு ரெடியாக விற்கிறது. மனைவி சான்டர் மீனை வாங்கி நம் மசாலா தடவி வறுக்க வேண்டும் என்கிறாள். மீன் குழம்பும் வைக்கலாமா என்று ஒரு ஆசை. அண்ணா, அக்கா, யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

உப்புக்கல்
செவ்வாய், இரவு 9.30

ஷ்பார்கெல்லுக்கு நான் சொன்னதுதான் சரி, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெள்ளை ஷ்பார்கெல்லில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு, மேலே வெண்ணெயும் முட்டை மஞ்சளும் அடித்த சாஸ். அதோடு இனிப்பு ஒயின் வைத்தால் கசப்பும் இனிப்பும் வாயில் தனித்தனியாக நிற்கும், சேராது. புளிப்பு அதிகமான ஒயினும் சாஸை அறுத்துப் போடும். சில்வானருக்குப் புளிப்பு அடக்கம், சத்தம் போடாத ஒயின், புல், பேரிக்காய், ஈரமண் வாசனை. ஃப்ராங்கன் பகுதியில் சிப்பிச் சுண்ணாம்புக்கல் மண்ணில் விளைகிறது. 1659 இல் காஸ்டெல் என்ற ஊரில் நட்டதற்கே எழுத்து இருக்கிறது. எங்கள் ஊரில் மே மாதம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஷ்பார்கெல், வேகவைத்த உருளை, பக்கத்தில் வயிறு உப்பிய சப்பைப் பாட்டில். போக்ஸ்பாய்டல் என்று பெயர், உங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்காது, படுக்கவைக்க வேண்டும். ஜூன் 24 வரைதான் ஷ்பார்கெல், அதற்கப்புறம் செடியைத் தழைக்க விட்டுவிடுவார்கள். அதனால் இப்போதே செய்யுங்கள், ஆனால் சில்வானரோடு.

பழைய போத்தல்
செவ்வாய், இரவு 10.17

ஷ்பார்கெல் விஷயத்தில் உப்புக்கல் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், எழுதி வையுங்கோ. ஒரு சில்வானர் ட்ரோக்கன் தனியாக வாங்குங்கள் தம்பி.

புகைபோட்ட ட்ரௌட்தான் கபினெட்டுக்குச் சொந்தக்காரன். முதலில் அதை வையுங்கள். தோலை உரித்து, முள் எடுத்து, அறை வெப்பத்துக்குக் கொஞ்சம் வரவிட்டு, பக்கத்தில் மேர்ரெட்டிஷ் கிழங்கு துருவி அடித்த க்ரீம், கறுத்த ரொட்டி. மேர்ரெட்டிஷ் மூக்கில் ஏறும், மிளகாய் மாதிரி நாக்கில் இல்லை. அந்த ஏற்றத்தை ஒயின் இனிப்பு பிடித்து இறக்கும். மீனின் உப்பும் புகையும் அந்த இனிப்பைக் கண்ணில் படாமல் பண்ணிவிடும். உங்கள் விருந்தாளிகள் இது இனிப்பு ஒயின் என்று சொல்லவே மாட்டார்கள், பந்தயம்.

ஃப்ளாம்குகன் எதோடும் போகும். வெங்காயமும் க்ரீமும் தாராளமாக, சைவத்துக்குப் பன்றி இல்லாமல் ஒன்று.

இனி எங்கள் சாப்பாடு. காரத்துக்கும் ஆல்கஹாலுக்கும் ஆகாது. மிளகாய் சுடுகிற அதே நரம்பைத்தான் ஆல்கஹாலும் தட்டி எழுப்பும், 14 சதவீதச் சிவப்பு ஒயினோடு கோழிக்கறி சாப்பிட்டவருக்கு அது தெரியும், வாய் தீப்பற்றும். எட்டு சதவீதமும் குளிர்ச்சியும் இனிப்பும் சேர்ந்தால் எரிவு அடங்கும். ஆனால் புளி போட்ட குழம்பு வேண்டாம். திராட்சைப் புளிப்பும் புளியம்பழப் புளிப்பும் டார்டாரிக் அமிலம் என்ற ஒரே குடும்பம்தான், ஆனால் குழம்பில் இருப்பது பெரியண்ணன். சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று இனிப்பு நீராகிப் போகும். நான் பரிசோதித்து ஒரு போத்தலை வீணாக்கியவன். அதற்குப் பதில் தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட மீன் சொதி வையுங்கள், கடைசியில் தேசிக்காய் சில துளிதான். எங்கள் வீட்டில் நத்தாருக்கு நண்டுக்கறியும் கபினெட்டும்தான். பிள்ளைகளின் ஜெர்மன் சிநேகிதர்கள் அதற்காகவே வருவார்கள்.

சிலேட்டுக்கால்
புதன், காலை 7.55

மசாலா தடவிய சான்டருக்கு என் ஓட்டு. மிளகும் சோம்பும் தூக்கலாக, மிளகாய்த்தூள் பாதி. வறுத்ததன் எண்ணெயைப் புளிப்பு வெட்டும். பஜ்ஜிக்கும் அதே கதை, பொதுவாக எண்ணெயில் பொரித்த எதற்கும் இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. சைவத் தோழிக்கு வெங்காய பஜ்ஜி போடுங்களேன், புதினாச் சட்னியோடு.

வைப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து பத்து நிமிஷம் மேசையில் நின்றால் போதும். ஐஸ் போடாதீர்கள். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னினால் பயப்பட வேண்டாம், அது ஒயின் குளிரும்போது படிகிற டார்டாரிக் உப்பு, பழைய போத்தல் அண்ணா சொன்ன அந்தக் குடும்பத்து ஆள்தான். மிச்சம் இருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சர்க்கரையும் புளிப்பும் இருப்பதால் நாலைந்து நாள் தாங்கும். ஒரு பாட்டிலைப் பத்து வருஷம் மறந்துபோய்த் திறந்தால் மண்ணெண்ணெய் வாசனை வரலாம், அது கெட்டுப்போனதில்லை. வயதான ரீஸ்லிங்கின் குணமே அது, சிலர் அதற்காகவே காத்திருப்பார்கள். எனக்குப் பிடிக்காது, சின்ன வயதில் ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிய ஞாபகம் வந்துவிடுகிறது.

நான்காம் இருக்கை
புதன், மதியம் 12.40

எல்லாரும் ஒயினைப் பற்றியே பேசுகிறீர்கள், குடிக்காத அந்த ஒருவரைப் பற்றி யோசித்தீர்களா? நான் எப்போதும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன். ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள், ட்ரௌட்டோடு ஆரஞ்சு ஜூஸ், நினைத்துப் பாருங்கள்.

பழைய போத்தல்
புதன், மதியம் 2.02

நியாயமான கேள்வி. ஒயின் செய்கிற பல வீடுகளில் வெள்ளைத் திராட்சைச் சாறும் போத்தலில் விற்பார்கள், சிலரிடம் ரீஸ்லிங் சாறே கிடைக்கும். அதைத் தனியாகக் கொடுத்தால் தித்திக்கும். ஒரு பங்கு சாறு, இரண்டு பங்கு வாயு ஏற்றிய தண்ணீர், இரண்டு துளி எலுமிச்சை. அதே கிளாஸில் ஊற்றுங்கள், மேசையில் வித்தியாசம் தெரியாது. ட்ரௌட்டோடும் நன்றாகவே நிற்கும்.

கோப்லென்ஸ்காரன்
புதன், இரவு 9.15

அருமை, அதை எழுதிக்கொண்டேன். இன்னொரு சந்தேகம். சூப்பர்மார்க்கெட்டில் பார்த்தால் பீஸ்போர்ட்டர் என்று ஆரம்பிக்கிற பாட்டில் இரண்டு நிற்கிறது, ஒன்று நாலு யூரோ கூட இல்லை, இன்னொன்று பதினாறு. ஒரே ஊர்தானே?

சிலேட்டுக்கால்
புதன், இரவு 10.33

அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். முதல் சொல் ஊர், இரண்டாவது தோட்டம் என்பதுதான் பொது வழக்கம். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஷன் என்றால் பீஸ்போர்ட்டின் அந்தச் சரிவில் விளைந்தது, "தங்கத் துளி" என்று அர்த்தம். பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்றால் அதுவும் ஒரு தோட்டத்தின் பெயர் மாதிரியே காதில் விழும், ஆனால் அது சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களின் தோட்டங்களைச் சேர்த்து வைத்த பெரிய பரப்பின் பெயர். பாட்டிலுக்குள் பீஸ்போர்ட் எவ்வளவு இருக்கும் என்று கேட்கக்கூடாது. பெர்ன்காஸ்டலர் குர்ஃபூர்ஸ்ட்லாய் என்பதும் அதே ரகம். இதுவும் அந்த 1971 சட்டம் செய்த வேலைதான். எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் இன்னும் கோபம் உண்டு. முதுகு உடைந்து சரிவில் பறிப்பவருக்கும் சமதரையில் மெஷின் விட்டுப் பறிப்பவருக்கும் ஒரே மாதிரிப் பெயர்ப் பலகை.

வாசலில் விற்கிற ஆளிடம் நீங்கள் வாங்கியது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த தடவை கதவுக்கு மேலே விளக்குமாறோ பூக்கொத்தோ கட்டியிருக்கும் வீட்டைப் பாருங்கள். ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட், அதாவது ஒயின்காரர் தன் வீட்டிலேயே வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் போகாமல், நாற்பது இருக்கைக்கு மேல் போடாமல் நடத்துகிற சாப்பாட்டுக்கடை. அங்கே ஈரல் சாஸேஜ் தடவிய ரொட்டியை இந்தக் கபினெட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

பழைய போத்தல்
வியாழன், காலை 6.30

கோப்லென்ஸில் இருப்பதால் தம்பிக்கு ஒரு கதை. ரைன் கரையில் அந்த நீளமான அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டுவித்த கிளெமென்ஸ் வென்சஸ்லாஸ்தான் ட்ரியரின் கடைசி இளவரசப் பேராயர். 1787 இல் மோசல்காரர்களுக்கு ஒரு ஆணை போட்டார், மட்டமான கொடிகளைப் பிடுங்கிப்போட்டு நல்ல வகை, அதாவது ரீஸ்லிங், நட வேண்டும் என்று. சனம் அப்போது நல்லாகத் திட்டியிருக்கும், விளைச்சல் குறைவு, பழுக்க நாள் எடுக்கும். ஏழு வருடத்தில் ஃபிரெஞ்சுப் படை வந்து அவர் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று, கொடி நின்றுவிட்டது. அந்த அரண்மனைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடித்தால் அவருக்கு மரியாதை.

உப்புக்கல்
வியாழன், மாலை 5.10

கதையெல்லாம் சரி. சில்வானர் வாங்கியாச்சா இல்லையா?

கோப்லென்ஸ்காரன்
வியாழன், மாலை 6.02

வாங்கியாச்சு அண்ணா. ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கவில்லை, நீங்கள் சொன்ன மாதிரியே படுத்திருக்கிறது.

கோப்லென்ஸ்காரன்
ஞாயிறு, காலை 11.25

வந்துவிட்டேன், பாத்திரம் இன்னும் கழுவி முடியவில்லை.

முதலில் ட்ரௌட். பழைய போத்தல் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். கூட வேலை செய்யும் ஆள் ஒருவன், "எனக்கு இனிப்பு ஒயின் ஆகாது" என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தவன், ட்ரௌட்டும் மேர்ரெட்டிஷும் வாயில் இருக்கும்போது ஒரு வாய் குடித்துவிட்டு இது எந்த ட்ரோக்கன் என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் லேபிளைத் திருப்பிக் காட்டினேன். குடிக்காதவருக்குத் திராட்சைச் சாறும் சோடாத் தண்ணீரும் கலந்து அதே கிளாஸில் கொடுத்தோம், மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

ஷ்பார்கெல்லோடு இரண்டையும் ஊற்றிப் பார்த்தோம், உப்புக்கல் அண்ணா சொன்னதுதான். சில்வானர் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது, கபினெட் அந்தத் தட்டில் மட்டும் அந்நியன் மாதிரி நின்றது. சைவத் தோழி ஷ்பார்கெல்லைப் பாதியில் வைத்துவிட்டு பஜ்ஜிக்கு மாறிவிட்டாள், கபினெட்டோடு. மனைவி வறுத்த சான்டர் வந்ததும் இரண்டு பாட்டில் எங்கே போனது என்றே தெரியவில்லை. மிளகாய் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, எல்லாருக்கும் மூக்கில் தண்ணீர், ஆனால் கையை நிறுத்தவில்லை. சொதி நன்றாக இருந்தது, ஆனால் அதற்குள் எல்லாருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. அதை இரண்டாவதாக வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் விபத்து. கீழ் வீட்டு அம்மாவின் தங்கை ஸ்ட்ராபெரி கேக் செய்து கொண்டுவந்திருந்தார், க்ரீம், ஜெல்லி எல்லாம் போட்டு. கேக்கோடு வேண்டாம் என்று இங்கே சொல்லியிருந்தும், மிச்சம் இருந்த கபினெட்டை எல்லார் கிளாஸிலும் ஊற்றிவிட்டேன். கேக் ஒரு வாய், ஒயின் ஒரு வாய், முகம் எல்லாம் சுருங்கிப் போயிற்று. எலுமிச்சைச் சாறு குடித்த மாதிரி!

சிலேட்டுக்கால்
ஞாயிறு, மதியம் 12.10

கேக் ஒயினைவிட இனிப்பு, அவ்வளவுதான். நாக்கு கேக்கின் சர்க்கரைக்குப் பழகிவிட்டால் ஒயினில் இருக்கும் 45 கிராம் கண்ணுக்கே தெரியாது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இனிப்புப் பலகாரத்துக்கு அதைவிட இனிக்கிற ஒயின் வேண்டும், ஔஸ்லேசே மாதிரி. அதுவும் ஸ்ட்ராபெரியே புளிப்பு, கேட்கவே வேண்டாம். அப்புறம் என்ன செய்தீர்கள்?

கோப்லென்ஸ்காரன்
ஞாயிறு, மதியம் 12.31

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. கீழ் வீட்டு அம்மா எழுந்து போய், குடிக்காதவருக்கு வைத்திருந்த சோடாத் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, தன் கிளாஸில் கபினெட்டுக்குச் சரிபாதி ஊற்றிக் கலந்தார். எங்களிடம் அரை லிட்டர் டம்ளர் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் பூ வைக்கிற கண்ணாடி ஜாடியைக் கழுவச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் தங்கையும் அப்படியே குடிக்க ஆரம்பித்துவிட்டார், "கோடையில் இப்படித்தான் குடிக்க வேண்டும், சும்மா குடித்தால் தாகம் தீருமா" என்று எங்களுக்கு விளக்கம் வேறு. வாங்கிய ஆறில் கடைசிப் பாட்டில் அப்படித்தான் முடிந்தது.

உப்புக்கல்
ஞாயிறு, மதியம் 12.40

அரை லிட்டர் டம்ளரா? அந்தம்மா மோசல்காரர் இல்லை. அரை லிட்டர் டம்ளரில் ஒயினும் சோடாவும் கலந்து குடிக்கிற ஃபால்ஸ் பகுதிக்காரரா?

கோப்லென்ஸ்காரன்
ஞாயிறு, மதியம் 12.44

ஃபால்ஸ்தான். கல்யாணம் ஆகி இங்கே வந்து ஐம்பத்தாறு வருஷம் ஆயிற்றாம்.

பழைய போத்தல்
ஞாயிறு, மதியம் 1.15

கபினெட்டில் சோடாவா... ஐயோ. சரி, அந்த அம்மாவுக்கு ஒரு அரை லிட்டர் டம்ளர் வாங்கிக் கொடுங்கள் தம்பி. பக்கம் முழுக்கக் குழி குழியாக இருக்கும், டுப்பெக்ளாஸ் என்று கேளுங்கள்.